செடி தெரிந்த பிறகே மருந்து

அவையில் இருக்கும் பெரியோர்களுக்கும், சித்த மருத்துவம் படிக்கும் மாணவ மாணவிகளுக்கும் வணக்கம்.

மூலிகைகளின் மருத்துவப் பயன் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் வைத்தியன் இல்லை. தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். அதனால் இந்த இலை இந்த நோய்க்கு என்று பட்டியல் வாசிக்கப் போவதில்லை. அந்தப் பட்டியல் தினமும் காலையில் உங்கள் எல்லோருடைய செல்போனிலும் வந்து விழுகிறது. எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. சர்க்கரைக்கு நல்லது, மூட்டுவலிக்கு நல்லது, கல்லடைப்புக்கு நல்லது என்று வருகிறதே தவிர, எந்தச் செடி, அதில் எந்தப் பாகம், எப்படிப் பக்குவம் செய்வது, எவ்வளவு, யார் சாப்பிடக் கூடாது, எப்போது நிறுத்துவது என்பது வருவதே இல்லை. நம் முன்னோர்கள் அரும்பாடுபட்டுச் சேர்த்து வைத்தது இந்தப் பின்பாதியைத்தான். அது நம் கண் முன்னாலேயே தொலைந்துகொண்டிருக்கிறது.

சுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். "காலை இஞ்சி, கடும்பகல் சுக்கு, மாலை கடுக்காய்" என்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று இருக்கிறது: "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு." சுக்கின் மேல்தோலைச் சீவ வேண்டும், கடுக்காயைத் தட்டி உள்ளே இருக்கும் கொட்டையை எடுத்துவிட வேண்டும். சித்த மருத்துவத்தில் இதற்குச் சுத்தி என்று பெயர். நம் வீட்டுப் பெரியவர்கள் சுக்குக்குச் சுண்ணாம்பு தடவி, காய வைத்து, பிறகு சீவுவார்கள். இன்று பாக்கெட்டில் வரும் சுக்குப் பொடியில் தோல் சீவினார்களா என்று யாரும் கேட்பதில்லை. குடிநீர் என்று சொல்லும் கஷாயம் காய்ச்சி ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம் வரைதான். சூரணம் மூன்று மாதம் வரைதான் என்று மருந்துக்கு ஆயுள் கணக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். காலையில் காய்ச்சிய கஷாயத்தை ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாள் குடிப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பாட்டி வைத்தியம் செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து, செடி. கரிசலாங்கண்ணியில் வெள்ளைப் பூ பூப்பது ஒன்று, மஞ்சள் பூ பூப்பது ஒன்று. வெள்ளைக் கரிசாலையைத் தெரிந்துகொள்வது சுலபம். வயல் வரப்பில் ஈரமான இடத்தில் இருக்கும். தண்டைக் கிள்ளி விரலில் தேய்த்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள், சாறு கருத்துவிடும். சிக்கல் மஞ்சளில்தான். பூங்காக்களிலும் சாலை நடுவிலும் தரையோடு படர்ந்து, பளபளவென்ற இலையும் மஞ்சள் பூவுமாக ஒரு கொடி இருக்கிறதே, அதை மஞ்சள் கரிசாலை என்று நினைத்துப் பறித்துப் போகிறவர்கள் ஏராளம். அது அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்து வளர்த்தது. அதன் இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். நம்முடைய மஞ்சள் கரிசாலையின் இலை நீளமாக, மடல் இல்லாமல் இருக்கும். பூவை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம்.

இப்போது கீழாநெல்லிக்கு வருகிறேன். கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன், ஏனென்றால் இந்தச் சின்னச் செடி மேல் நமக்கு அவ்வளவு நம்பிக்கை. மழை பெய்ததும் தானாக முளைக்கும், முழங்கால் உயரம்கூட வராது. புளிய இலை மாதிரி சின்ன இலைகள் இரண்டு பக்கமும் வரிசையாக இருக்கும். கிளையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் கடுகு அளவுக்குக் காய்கள் தொங்கும். ஆனால் அடியில் காய் இருப்பதெல்லாம் ஒரே செடி இல்லை. பழைய புத்தகங்களில் கீழாநெல்லியின் தாவரவியல் பெயர் பில்லாந்தஸ் நிருரி என்றுதான் இருக்கும். 1985-ல் நம் நாட்டுத் தாவரவியலாளர்கள் உலர்தாவரத் தாள்களை, அதாவது செடிகளை அழுத்தி உலர்த்தி ஒட்டி வைத்த தாள்களை, ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்த ஒரு பெயரில் நாம் மூன்று வேறு இனங்களைக் கலந்து வைத்திருக்கிறோம் என்று காட்டினார்கள். அதில் முக்கியமானது பில்லாந்தஸ் அமாரஸ். அமாரஸின் காய் வழவழப்பாகச் சின்னக் காம்பில் தொங்கும். தண்டில் செம்மை ஓடிய இன்னொரு செடி உண்டு, செங்கீழாநெல்லி. அதன் காய் சொரசொரப்பாக, காம்பே இல்லாதது போலக் கிளையோடு ஒட்டி இருக்கும். இரண்டையும் கொண்டுவந்து இந்த மேசையில் வைத்திருக்கிறேன். ஒரு சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடி போதும், வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இந்தச் செடி உலகம் சுற்றிய கதையும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். பி வகைக் கல்லீரல் அழற்சி வைரஸைக் கண்டுபிடித்த வேலைக்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் அவருடைய குழுவினரும், 1987-ல், கீழாநெல்லிச் சாறு அந்த வைரஸ் பெருகத் தேவையான நொதியை ஆய்வுக்கூடத்தில் தடுக்கிறது என்று எழுதினார்கள். மறு வருடமே சென்னையில் டாக்டர் தியாகராஜன் குழுவினர் பி வகை வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு, உலர்த்திய செடியை 200 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் அடையாளம் மறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. லான்செட் என்ற மருத்துவ ஆய்வு இதழில் அது வந்தபோது நமக்கெல்லாம் எவ்வளவு பெருமை! ஆனால் 1990-ல் தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், அந்தப் பலன் வரவில்லை. அப்புறம் வேறு இடங்களிலும் உறுதியாக வரவில்லை. செடி வேறா, பறித்த காலம் வேறா, பக்குவம் வேறா, அல்லது முதல் முடிவுதான் தற்செயலா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளதை உள்ளபடி உங்களிடம் சொல்வதுதான் இந்தச் செடிக்கு நான் செய்யும் மரியாதை.

அப்படியானால் ஊர் ஊராகக் காமாலை குணமானதே, அது பொய்யா என்று கேட்பீர்கள். பொய் இல்லை. மஞ்சள் காமாலை என்பது பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. கெட்ட தண்ணீரால் வரும் ஏ வகை, ஈ வகைக் காமாலைகள் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே வடிந்துவிடும். அந்தச் சில வாரத்தில் எண்ணெய் இல்லாத உணவு, ஓய்வு, மதுவை நிறுத்துவது என்று நம் பத்தியம் உடம்புக்கு ஒத்தாசையாக இருந்திருக்கிறது. ஆனால் பித்தநீர்க் குழாயில் கல் அடைத்தாலும் காமாலைதான், எலிக்காய்ச்சலிலும் காமாலைதான், பி வகை வைரஸ் உள்ளே தங்கிக் கல்லீரலைக் கெடுத்தாலும் காமாலைதான். கண் மஞ்சளானதும் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நோயாளி நிலை தடுமாறிப் பேசினாலோ, பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ, மலம் வெளுத்துப் போனாலோ, கீழாநெல்லியை அரைத்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடுங்கள்.

செடி மாறினால் என்ன ஆகிவிடும் என்று அலட்சியமாக நினைக்கிறவர்களுக்காக பெல்ஜியத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் இளைக்க வைக்கும் ஒரு மருத்துவ நிலையத்தில் சீன மூலிகைப் பொடி கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்ட பெண்களுக்கு ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்தது. சேர்க்க வேண்டியது ஒரு வேர், சேர்த்தது அரிஸ்டலோகியா என்ற இன்னொரு வேர். சீனத்தில் இரண்டுக்கும் பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான். நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். பலருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்த அரிஸ்டலோகியா குடும்பத்தில்தான் நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் வருகின்றன. அந்த வகைச் செடிகள் சேர்ந்த மருந்துகளைப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2002-ல் வகைப்படுத்திவிட்டது. நம் ஊரில் அந்தச் செடிகளை விஷக்கடிக்குக் கொடுப்பது பழைய வழக்கம். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். பாம்பு கடித்தால் விஷமுறிவு ஊசி ஒன்றுதான் மருந்து. காட்டு மூலிகைகளை நம்மைவிடப் பல மடங்கு அறிந்த இருளர் மக்கள்தான், மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-லிருந்து கூட்டுறவுச் சங்கம் நடத்தி, அந்த ஊசிக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. குழம்பில் போடும் மஞ்சளுக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் மஞ்சளின் சாரத்தை மட்டும் பிரித்து, மிளகுச் சத்தும் சேர்த்து மாத்திரையாக விற்கிறார்கள். மிளகுச் சத்து சேர்ந்தால் மஞ்சளின் சாரமான குர்க்குமின் ரத்தத்தில் இருபது மடங்கு ஏறுகிறது என்று 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த மாத்திரைகளைச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆடாதோடையும் அப்படித்தான். அதன் இலையில் உள்ள வாசிசைன் என்ற பொருளை வைத்துத்தான், இன்று சளிக்குக் கொடுக்கும் புரோம்ஹெக்ஸின் மருந்தை உருவாக்கினார்கள். அதே வாசிசைன் கருப்பையைச் சுருங்க வைக்கும். கர்ப்பிணிப் பெண்ணுக்கு, சளிதானே என்று ஆடாதோடைக் கஷாயம் கொடுக்கக் கூடாது.

மாணவர்களே, கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். சீனத்தில் நான்காம் நூற்றாண்டில் கோ ஹோங் என்ற வைத்தியர் முறைக்காய்ச்சலுக்கு, அதாவது மலேரியா போல விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு, மருந்து எழுதும்போது, ஒரு கைப்பிடி சிங்ஹாவ் செடியைத் தண்ணீரில் ஊற வைத்து, பிழிந்து, அந்தச் சாற்றைக் குடி என்று எழுதி வைத்தார். காய்ச்சு என்று எழுதவில்லை. 1971-ல் து யூயூ என்ற ஆய்வாளர், அதே செடியில் முயன்று பலன் சரியாக வராமல் திணறிக்கொண்டிருந்தபோது, அந்த வரியைத் திரும்பப் படித்தார். சூட்டில் சத்து அழிகிறதோ என்று யோசித்து, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதர் என்ற திரவத்தை வைத்துப் பிரித்தார். ஆர்டிமிசினின் என்ற மருந்துப் பொருள் கிடைத்தது. இன்று உலகம் முழுக்க மலேரியாவுக்கு முக்கியமாகக் கொடுப்பது அதிலிருந்து வந்த மருந்துகளைத்தான். 2015-ல் அவருக்கு நோபல் பரிசு. சிங்ஹாவ் காய்ச்சலுக்கு நல்லது என்று மட்டும் கோ ஹோங் எழுதியிருந்தால் து யூயூவுக்கு அந்த யோசனை வந்திருக்குமா?

ஆகவே ஊரில் ஒரு பாட்டியிடமோ நாட்டு வைத்தியரிடமோ போய் உட்கார்ந்தால், எதற்கு நல்லது என்பதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். பச்சையா, உலர்ந்ததா? இலையா, வேரா, வேரோடு முழுச் செடியான சமூலமா? பூப்பதற்கு முன்பா, காய்த்த பிறகா? ஊறலா, சாறா, எட்டில் ஒன்றாகக் குறுக்கிய குடிநீரா? மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் அனுபானம் தேனா, மோரா? யாருக்குக் கொடுக்க மாட்டீர்கள், எப்போது போதும் என்று நிறுத்துவீர்கள், இவையெல்லாம் கேட்டு எழுதுங்கள். அவர் காட்டிய செடியில் பூவும் காயும் உள்ள ஒரு கிளையைச் செய்தித்தாளுக்குள் அழுத்தி உலர்த்தி, இடமும் தேதியும் சொன்னவர் பெயரும் குறித்து வையுங்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினட் உலர்தாவரக் காப்பகம் இருக்கிறது, கோவையில் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் காப்பகம் இருக்கிறது. அங்கே உள்ள தாள்களோடு ஒப்பிட்டு, இது இன்ன செடிதான் என்று உறுதி செய்துகொண்ட பிறகு அந்தக் குறிப்பை நாலு பேருக்கு அனுப்புங்கள்.