மறுபடி பி.எம்.எக்ஸ் ஏறப் போறீங்களா? வாங்கறதுக்கும் கோக்கறதுக்கும் முன்னாடி பாக்க வேண்டியது

[காட்சி: சிமெண்ட் களத்துல மூணு 20 இஞ்ச் வண்டி வரிசையா. கேமரா முதல் வண்டியோட கிராங்க் மேல நிக்குது.]

வணக்கமுங்க. பள்ளிக்கூடத்துல பி.எம்.எக்ஸ் (குதிக்கவும் ரேஸுக்கும் செஞ்ச 20 இஞ்ச் சைக்கிள்) ஓட்டி, வேலை குடும்பம்னு விட்டுப்போயி, இப்ப முப்பத்தஞ்சு நாப்பது வயசுல திரும்பி ஏறறவங்களுக்கான வீடியோ இது. புது வண்டி வாங்கறதா, பரண்ல கிடக்கற பழைய ஃப்ரேமை எறக்கறதா, பாகம் பாகமா வாங்கிக் கோக்கறதா? எதைப் பண்ணினாலும் பணத்தை முதல்ல நாலு இடத்துல போடுங்க: ஃப்ரேம், ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கற கவை), கிராங்க் (பெடல் மாட்டற கை), பின் சக்கரம். குதிச்சு எறங்கும்போது உங்க எடை மொத்தத்தையும் வாங்கறது இந்த நாலும்தான். சீட்டு, கிரிப், பெடல், கலர் ரிம் எல்லாம் அப்பறம் மாத்திக்கலாம்.

இடது பக்கம் நிக்கற வண்டியப் பாருங்க. சைக்கிள் கடையில பி.எம்.எக்ஸ்னு கேட்டா பெரும்பாலும் இதத்தான் காட்டுவாங்க. சின்னப் பசங்களுக்குச் செஞ்ச வண்டிங்க இது. கிராங்க் ஒரே கம்பியா வளைஞ்சு இந்தப் பெடல்ல இருந்து அந்தப் பெடல் வரைக்கும் போகுது. இது ஒன் பீஸ் கிராங்க். 75 கிலோ ஆள் ஒரு திட்டுல இருந்து எறங்கினா முதல்ல வளையறது இதுதான். பின் ஆக்சிலையும் பாருங்க. பெரியவங்க ஓட்டற ஃப்ரீஸ்டைல் (குதிச்சு வித்தை பண்ற) வண்டியில பின் ஆக்சில் 14 மி.மீ. தடிமன் இருக்கும், இதுல அதைவிட ஒல்லி. கடையில நிக்கும்போது இந்த ரெண்டை மட்டும் பாத்தாலே பாதி முடிவு வந்துரும்.

[காட்சி: டேப்பு வெச்சு மேல் குழாயை அளக்கறது.]

இப்ப அளவு. சக்கரம் எல்லாருக்கும் 20 இஞ்ச்தானுங்க. ஆளுக்கு ஆள் மாறறது மேல் குழாயோட நீளம். ஹேண்டில் குழாயோட நடுவுல இருந்து சீட்டுக் குழாயோட நடு வரைக்கும் அளக்கோணும். உயரம் அஞ்சடி நாலு இஞ்ச் வரைக்கும்னா 20.25 இல்லைனா 20.5. அஞ்சடி ஒம்பது வரைக்கும் 20.5ல இருந்து 20.75. ஆறடியத் தொட்டா 21, அதுக்கும் மேல 21.25. ரெண்டு அளவுக்கு நடுவுல நின்னீங்கன்னா, திரும்பி வர்றவங்களுக்குப் பெரிசை எடுக்கச் சொல்றோம். குட்டை ஃப்ரேம்ல முட்டி ஹேண்டில்ல இடிக்கும், முதுகு கூனும். 90கள்ல வந்த ஃப்ரேம்கள் இப்பத்ததை விடக் குட்டை, அதனால பழைய ஞாபகத்துல அளவு சொல்லாதீங்க.

பின் தண்டோட நீளமும், அதாவது கிராங்க் நடுவுல இருந்து பின் ஆக்சில் நடு வரைக்கும், முக்கியம். 13 இஞ்சுக்குப் பக்கத்துல இருந்தா முன் சக்கரம் சுலபமாத் தூக்கும், ஆனா பின்னால மல்லாக்கக் கவுக்கவும் செய்யும். 13.5க்கு மேல போனா வண்டி நிதானமா நிக்கும். விட்டுப்போயி வர்றவங்களுக்கு 13.3ல இருந்து 13.6 வரைக்கும் தோது.

ரேஸ் வண்டி வேற சாதி. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல இருந்து நீங்க பாக்கற பி.எம்.எக்ஸ் ரேஸ் அது. பெரும்பாலும் அலுமினிய ஃப்ரேம், ஒல்லி டயர், வி பிரேக். டோக்கியோவுல சேத்த ஃப்ரீஸ்டைல் பார்க்குக்கு ஓட்டறது குரோமோலி ஸ்டீல் வண்டி. நம்ம பக்கம் களத்துலயும் படிக்கட்டுலயும் மண் மேட்டுலயும் ஓட்டறதுக்கு இந்த ரெண்டாவதுதான் சரி.

குரோமோலின்னா 4130ங்கற ஸ்டீல். விளம்பரத்துல வெறும் குரோமோலின்னு போட்டிருந்தா எதெதுன்னு கேளுங்க. கீழ்க் குழாய் ஒண்ணு மட்டும் குரோமோலியா இருந்து மிச்சம் சாதா ஹை டென்சிலா இருக்கும். ஃப்ரேம் முழுக்க, ஃபோர்க்குல ரெண்டு காலும் ஹேண்டில் குழாய்க்குள்ள போற குழாயும், ஹேண்டில்பார், கிராங்க் இத்தனையும் 4130னா கண்ண மூடிட்டு எடுக்கலாம். பாகம் பாகமா வாங்கினா அதே தரத்து முழு வண்டியை விடக் கூடத்தான் செலவாகும். அதனால முழு வண்டியா வாங்கி, உடையறதை மாத்திட்டு வர்றதுதான் எங்க ரோசனை.

[காட்சி: பழைய ஃப்ரேம், பெயிண்ட் உரிஞ்சது. மண்ணெண்ணெய்த் துணி, சாக்பீஸ் தூள்.]

பழைய ஃப்ரேம் இருந்தா வெல்டிங் இடங்களைப் பாருங்க. கீழ்க் குழாய் ஹேண்டில் குழாயோட சேர்ற இடத்துல, அடிப்பக்கம், பெயிண்ட் சுருங்கியிருந்தா குழாய் ஏற்கெனவே நெளிஞ்சிருக்கு. அதை விட்ருங்க. கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்கு ஒரு வழி: பெயிண்டைச் சொரண்டிட்டு மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிஷம் விட்டு, நல்லாத் துடைச்சுப்போட்டு சாக்பீஸ் தூளைப் பூசுங்க. விரிசல் இருந்தா உள்ள போன எண்ணெய் கசிஞ்சு தூள்ல கோடு விழும். சீட்டுக் கிளாம்ப் வெட்டு, கிராங்க் கூடு (கிராங்க் தண்டு போற குட்டைக் குழாய்), பின் ஆக்சில் உக்கார்ற தட்டு, மூணையும் இதே மாதிரி பாக்கோணும்.

விரிசல் தெரிஞ்சா கோயமுத்தூர் கணபதியிலயோ பீளமேட்டுலயோ ஒரு பட்டறையில வெல்டு வெச்சுக்கலாம்னு தோணும். வேண்டாமுங்க. இந்தக் குழாயோட சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. முறை தெரியாம வெல்டு வெச்சா, வெல்டுக்குப் பக்கத்துல இருக்கற இரும்பு சூடாகி ஆறும்போது கடினமாகி நொறுங்கற பதத்துக்கு வந்துரும். அடுத்த குதியில அங்கயேதான் உடையும், அதுவும் முன்னறிவிப்பு இல்லாம. ஆக்சிலும் லேத்துல கடைஞ்சு போடாதீங்க, நல்ல ஆக்சில் சூடுபதம் பண்ணினது. லேத்து பட்டறை நமக்குக் கை கொடுக்கற இடம் ஸ்பேசர், வாஷர், பெக்ஸ் (ஆக்சில் முனையில மாட்டற குழாய்). மில்லிமீட்டர்ல கால் பங்கு சொன்னாலும் கடைஞ்சு தர்ற ஊர் நம்ம கோயமுத்தூர்.

ஃப்ரேம் தேறிருச்சுன்னா எது எதோட சேரும்ங்கற கணக்கு. இங்கதான் நிறையப் பேர் ரெண்டு தடவை காசு கொடுக்கறாங்க. கிராங்க் கூட்டோட உள் விட்டத்தை வெர்னியர்ல அளங்க. 51 மி.மீ.க்குப் பக்கம்னா அமெரிக்கன், 41னா மிட், 37னா ஸ்பானிஷ், உள்ள மரை வெட்டியிருந்தா யூரோ. இப்ப வர்ற ஃப்ரேம்கள்ல பெரும்பாலும் மிட். பழைய அமெரிக்கன் கூடா இருந்தாலும் 19 மி.மீ. கிராங்க் தண்டுக்குத் தகுந்த அமெரிக்கன் பேரிங் செட்டு கிடைக்கும், அதப் போட்டு மூணு பாகக் கிராங்க் (ரெண்டு கையும் தண்டும் தனித்தனி) மாட்டலாம். பெடல் மரையும் மாறும்: ஒன் பீஸ் கிராங்குக்கு அரை இஞ்ச், மூணு பாகக் கிராங்குக்கு 9/16 இஞ்ச். மாத்தி முறுக்கினா மரை போயிரும்.

பின் ஹப் அகலம் 110 மி.மீ., முன்னாடி 100, ரிம்முல 36 ஓட்டை. பழைய வண்டியில 44 பல் சக்கரமும் 16 பல் ஃப்ரீவீலும் இருக்கும், விகிதம் 2.75. இப்பத்த வண்டியில 25க்கு 9, அதாவது 2.78. மிதிக்கறதுல வித்தியாசமே தெரியாது. ஆனா 44 பல் சக்கரம் சுமார் 18 செ.மீ. விட்டம், 25 பல் 10 செ.மீ.தான். அடியில கிட்டத்தட்ட 4 செ.மீ. இடம் மிச்சம். திட்டுல ஏறும்போது பல் சக்கரம் தட்டாது. 9 பல்லுக்குக் கேசட் ஹப் (பல் சக்கரம் ஹப்போடவே சேந்து வர்றது) வேணும், பழைய ஃப்ரீவீல் ஹப்புல அது ஏறாது.

பிரேக்கு கண்டிப்பா வேணும். பிரேக்கு மாட்டற முளையே இல்லாத ஸ்ட்ரீட் ஃப்ரேம்களும் வருது, வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க. களத்துக்குப் போற வழியில டவுன் பஸ்ஸும் வருமில்லீங்களா.

[காட்சி: கோக்கறது. 5, 6 மி.மீ. ஆலன் கீ, 15, 17 ஸ்பேனர், கிரீஸ், மரக்கட்டை, சுத்தியல்.]

இப்பக் கோக்கலாம். இன்டக்ரேட்டட் ஹெட்செட்டா (பேரிங் நேரா ஹேண்டில் குழாய்க்குள்ள உக்கார்ற வகை) இருந்தா பேரிங்கைக் கிரீஸ் தடவிக் கையாலயே வெச்சரலாம். ஃபோர்க்கை ஏத்தி, ஸ்டெம்மை (ஹேண்டில்பாரைப் பிடிக்கற கட்டை) போட்டு, முதல்ல மேல் போல்ட்டை ஆட்டம் நிக்கற வரைக்கும் மட்டும் முறுக்குங்க. அப்பறம்தான் ஸ்டெம்மோட பக்கத்துப் போல்ட். வரிசையை மாத்தினா மேல் போல்ட் எவ்வளவு முறுக்கினாலும் ஆட்டம் போகாது, மரைதான் போகும். முன் சக்கரத்தைச் செவுத்துல முட்ட வெச்சு ஹேண்டிலை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க, டொக்குன்னு சத்தம் வரக்கூடாது. ஹேண்டில்பார் பக்கத்துல இருந்து பாக்கும்போது ஃபோர்க்குக்கு நேரா நிக்கட்டும். ஒரு வாரம் ஓட்டிப்போட்டு உங்க தோளுக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் முன்னயோ பின்னயோ வெச்சுக்கலாம்.

மிட் பேரிங் ரெண்டுக்கும் நடுவுல ஒரு குழாய் வரும். அவசரத்துல இதை விட்டுப்போறது நடக்கறதுதான். அது இல்லாமக் கிராங்க் போல்ட்டை முறுக்கினா ரெண்டு பேரிங்கும் உள்பக்கமா நெரிபட்டு, கொஞ்ச நாள்லயே கரகரன்னு அரைக்கும். ஒரு பேரிங்கை மரக்கட்டை வெச்சு நேராத் தட்டி எறக்கி, குழாயைப் போட்டு, அப்பறம் மறுபக்கம்.

இடது பெடல் எதிர் மரை, அதை மறந்துராதீங்க. செயின் கண்ணிக்குக் கண்ணி அரை இஞ்ச், அகலம் இஞ்சுல எட்டுல ஒரு பங்கு, நம்ம சாதா சைக்கிள் செயின் அளவேதான். அவசரத்துக்கு அது ஓடும், ஆனா குதிக்கறதுக்கு 510 வகைச் செயின் போடுங்க. பல் சக்கரம் முழு வட்டமா இருக்காது, அதனால கிராங்கைச் சுத்தி செயின் எங்க அதிகமா இறுகுதோ அங்க நிறுத்தி, மேலும் கீழுமா ஒரு செ.மீ. ஆட வெச்சு முடுக்குங்க. கம்பியா இறுக்கினா ஹப் பேரிங் தேயும், தளர விட்டா பலமா மிதிக்கும்போது செயின் கழண்டு தாடை ஹேண்டில்ல போய் மோதும்.

டயர் வாங்கும்போது பக்கவாட்டுல 406ங்கற நம்பரைப் பாருங்க. 20 இஞ்ச்னு எழுதியிருந்தாலும் 451னு இருந்தா இந்த ரிம்முல உக்காராது. அகலம் 2.3ல இருந்து 2.4. சிமெண்டுல ஓட்ட 55ல இருந்து 65 பி.எஸ்.ஐ., செம்மண்ணுல 40 போதும், எதுவா இருந்தாலும் டயர்ல அச்சடிச்ச உச்ச அளவைத் தாண்டாதீங்க. ட்யூப்புல இருக்கறது வால்டியூப் வால்வு இல்லை, டி.வி.எஸ். எக்ஸெல்ல இருக்கற மாதிரி வால்வு. பங்க்ல காத்தடிக்கலாம், ஆனா சின்ன ட்யூப்பு, ரெண்டு மூணு நொடியில நிறைஞ்சுரும். விட்டு விட்டு அடிங்க.

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொரங்காட்டு (மேய்ச்சல் காடு) ஓரமா ஓட்டறவங்க வெள்வேல முள்ளுக்கும் கிளுவை முள்ளுக்கும் தயாரா இருக்கோணும். தடி ட்யூப்பு போட்டு, உள்ள சீலண்ட் (ஓட்டையை அடைக்கற திரவம்) விடுங்க. காங்கேயத்துலயும் பொள்ளாச்சியிலயும் கொப்பரை காயாத நாள்ல காலியாக் கிடக்கற சிமெண்ட் களம் மாதிரி பழக்கத்துக்கு நல்ல தரை கிடைக்காது. களத்துக்காரர்கிட்டக் கேட்டுட்டு எறங்குங்க, எண்ணெய்ப் பிசுக்கு இருக்கான்னு கையால தடவிப் பாத்துருங்க. ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கும்போது குதி வேண்டாம், அந்தரத்துல முன் சக்கரத்தை அக்கட்டாலத் தள்ளிரும். தரையில பண்ற வேலையெல்லாம் விடியக்காலம் வெச்சுக்கோங்க. ஹெல்மெட்டும் முழங்கால் பட்டையும் முதல் நாள்ல இருந்தே.

[காட்சி: பின் ஆக்சில் நட்டு, 17 ஸ்பேனர்.]

முதல் ரெண்டு சவாரி முடிஞ்சதும் கிராங்க் போல்ட்டையும் பின் ஆக்சில் நட்டையும் இன்னொருக்கா முறுக்குங்க. புதுசாக் கோத்த பாகம் எடையில நல்லா உக்கார்றப்பக் கொஞ்சம் தளரும். தளர்ந்த கிராங்கோட ஓட்டினா தண்டுல இருக்கற பல் தேஞ்சு, தண்டும் கையும் சேத்தே மாத்த வேண்டி வரும். ஸ்போக்ஸ் கம்பியும் அதே மாதிரிதான். புதுச் சக்கரத்துக்கு ஒரு மாசத்துல ஒருதடவை கோட்டம் எடுத்துக் கொடுத்துருங்க.