சந்தேகங்களுக்கு விளக்கம்: ஆறாம் மாடி வீட்டுக்கு நாயா, பூனையா?

அனைவருக்கும் வணக்கம். சென்ற முறை எலிப்பொறிகளைப் பற்றிப் பேசிய பிறகு வந்த கேள்விகளுள் ஒன்று நான்கு நாட்களாக என்னை விடவே இல்லை. மியான்மரில், யாங்கூன் நகரத்துத் தாம்வே பகுதியில் ஆறாம் மாடியில் குடியிருக்கும் ஓர் அம்மா எழுதியிருக்கிறார்: "ஐயா, எலித்தொல்லை தாங்கவில்லை. பன்னிரண்டும் பதினான்கும் வயதான பிள்ளைகள் இருவரும் நாய்க்குட்டி வேண்டும் என்று அழுகிறார்கள். என் மாமியாரோ பூனை போதும் என்கிறார். நாங்கள் சைவம். வீட்டில் வளர்க்க எது நல்லது?" நான்கு வரியில் ஒரு குடும்பத்தின் வழக்கு முழுவதையும் எழுதி அனுப்பிய அந்த அம்மாவுக்கு முதலில் என் பாராட்டு.

இதற்கு முன்பும் பல முறை நான் சொல்லியிருக்கிறேன், தொடர்ந்து பார்ப்பவர்கள் சலித்துக்கொள்ளக்கூடாது: நாய் மனிதனைத் தேடி வந்தது, பூனை வீட்டைத் தேடி வந்தது. மனிதன் ஏர் பிடிப்பதற்கு முன்பே, வேட்டையாடி அலைந்துகொண்டிருந்த காலத்திலேயே, ஓநாய் இனத்திலிருந்து பிரிந்து அவனோடு ஒட்டிக்கொண்டது நாய். ஜெர்மனியில் பான் நகரத்தருகே 1914இல் கண்டெடுத்த ஏறத்தாழ 14,000 ஆண்டுப் பழைய புதைகுழியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கிடந்தார்கள். அவர்களோடு நாயின் எலும்புகளும் கிடந்தன. அப்போது காக்க வீடு ஏது, களஞ்சியம் ஏது? ஆள் மட்டும்தான் இருந்தான். பூனை வந்தது அதற்கு வெகு காலம் கழித்து, மேற்கு ஆசியாவில் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கிய பிறகு. தானியத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பூனை வந்தது, நடுவில் மனிதன் குறுக்கே வராமல் இருந்தால் போதும் என்று அது நினைத்திருக்க வேண்டும். சைப்ரஸ் தீவில் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதனுக்கருகே ஒரு பூனையையும் புதைத்திருக்கிறார்கள். அந்தத் தீவில் இயல்பாகப் பூனை இனமே இல்லாததால், யாரோ படகில் ஏற்றித்தான் கொண்டுபோயிருக்க வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே கண்ணால் கண்டேன். என் தந்தையார் பசுண்டாங் ஓடைக்கரையில் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்தார். அங்கே கணக்குப்பிள்ளை ஒருவர் வைத்திருந்த செவலை நாய், அவர் வேலை மாறிப் போனபோது, லாரியின் பின்னாலேயே ஓடி, இரைக்க இரைக்கப் புதிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, பழைய ஆலைப்பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. நாங்கள் வீடு மாறியபோது, ஆலையில் எங்கள் காலையே சுற்றிக்கொண்டிருந்த பூனையைக் கோணிப்பையில் கட்டிக் கொண்டுபோனோம். மீன் வைத்தோம், பால் வைத்தோம். மூன்றாம் நாள் அது இல்லை. மறுநாள் வேலைக்குப் போன என் தந்தையார் அதே ஆலையில், அதே அரிசி மூட்டையின் மேல், எங்களை முன்பின் தெரியாததுபோல் அது உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, பூனைக்கு நன்றியில்லை என்று திட்டினார். எனக்கு அப்போதே அது நியாயமாகப் படவில்லை. அது நன்றிகெட்டுப் போகவில்லை. தன் இடத்துக்குத் திரும்பிப் போயிற்று, அவ்வளவுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் பெரும்பாலும் 'மியாவ்' என்று கத்திக்கொள்வதில்லை. அந்தக் குரல் பெரிதும் மனிதருக்கென்றே வைத்திருப்பது. நன்றியில்லாத பிராணி நமக்கென்று ஒரு குரலை ஏன் வைத்திருக்கப் போகிறது? வைணவப் பெரியோர்கள் இறைவனின் அருளை விளக்க வந்தபோது, குட்டியை வாயால் கவ்விச் செல்லும் தாய்ப்பூனையைத்தானே உவமையாக்கி மார்ஜார நியாயம் என்றார்கள்.

இப்போது ஆறாம் மாடிக்கு வருவோம். நம் யாங்கூன் வீடுகளின் நிலை உங்களுக்குத் தெரியும்: மின்தூக்கி இருக்காது, செங்குத்தான படிகள் இருக்கும். பால்கனியிலிருந்து கயிறு இறக்கி, கிளிப்பில் செய்தித்தாளையும் பலகாரப் பொட்டலத்தையும் மாட்டி மேலே இழுத்துக்கொள்கிறோம். நாயை அப்படி இறக்கி ஏற்ற முடியாது. நாளுக்கு மூன்று முறையாவது அதைக் கீழே அழைத்துச் செல்ல வேண்டும், மழைக்காலத்திலும்தான். கீழே இறங்கினால் தெருநாய்கள் தங்கள் எல்லைக்குள் வந்த புதியவனைச் சும்மா விடுவதில்லை. பூனைக்கு ஒரு தட்டில் மணல் போதும். ஆனால் பால்கனிக்கும் சன்னல்களுக்கும் வலை அடிக்காமல் பூனை வளர்க்காதீர்கள். பூனை எங்கிருந்து விழுந்தாலும் நான்கு காலில் நின்றுவிடும் என்று நம்பி ஆறாம் மாடியில் விட்டுவைப்பது பிராணியை ஏமாற்றுவது. மணல் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்யுங்கள். டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரி மலத்தில் வெளிவந்து தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் அந்த வேலையை வேறொருவர் செய்யட்டும்.

"நாங்கள் சைவம்" என்று அந்த அம்மா எழுதிய இரண்டு சொற்களில்தான் இந்தக் கேள்வியின் கடினமான பகுதி இருக்கிறது. நாய் நம்மோடு வாழ்ந்து வாழ்ந்து நம் சோற்றுக்குப் பழகிவிட்டது. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாயிடம் பெருகியிருப்பதை 2013இல் கண்டறிந்தார்கள். ஆகவே சோற்றோடு பருப்பும் முட்டையும் சேர்த்துக் கொடுத்தால் அது ஓரளவு சமாளிக்கும். பூனை அப்படியல்ல. அது முழு மாமிசப் பிராணி. டாரின் என்னும் சத்தைத் தன் உடலிலேயே தேவையான அளவு செய்துகொள்ள அதற்கு இயலாது, இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் பெற வேண்டும். அது குறைந்தால் கண் கெடும், இதயம் வீங்கும். இதயம் கெடுவதற்கு அதுவே காரணம் என்பது 1987இல்தான் தெளிவாயிற்று. இனிப்பை உணரும் நாவும் பூனைக்குக் கிடையாது, ஆகவே பாயசத்தை வைத்துப் பாசம் காட்டிப் பயனில்லை. தயிர்சாதம் மட்டும் போட்டுப் பூனை வளர்க்கும் சைவ வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பூனை இளைக்கவில்லையே என்பார்கள். அது பக்கத்து வீட்டில் மீன் தின்றுகொண்டிருக்கும். உங்கள் பூனை ஆறாம் மாடியை விட்டு இறங்காதென்றால் அந்தப் பக்கத்து வீடும் இல்லை. உங்கள் அடுக்களையில் மீன் ஏறக்கூடாது என்றால், பூனைக்கென்று விற்கும் உணவைத் தனிக் கிண்ணத்தில், பால்கனியில் வையுங்கள். அதற்கும் மனம் ஒப்பாவிட்டால் பூனை வேண்டாம்.

அசைவ வீடுகளுக்கும் ஓர் எச்சரிக்கை. மீந்துபோன மொகிங்காவில், அதாவது மீன்குழம்பு நூடுல்ஸில், மீன்தானே இருக்கிறது என்று ஊற்றாதீர்கள். அதில் வெங்காயம் இருக்கிறது, வெங்காயம் நாய், பூனை இரண்டின் இரத்தத்தையும் கெடுக்கும். ஙப்பி என்னும் புளித்த மீன் விழுதில் உப்பு அதிகம். காய்ச்சல் என்று பாராசிட்டமால் மாத்திரையை மட்டும் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாத்திரை அதன் உயிரை எடுத்துவிடக்கூடும்.

எலிக்காகத்தான் பூனை என்றால், அங்கும் நான் கொஞ்சம் கைவிரிக்க வேண்டியிருக்கிறது. சுண்டெலிக்குப் பூனை போதும். பெரிய எலிகள் வேறு கதை. நியூயார்க்கில், புரூக்ளினில், ஒரு குப்பைக் கிடங்கில் 79 நாட்கள் கேமரா வைத்துப் பார்த்ததில், பூனைகள் கொன்ற எலிகள் இரண்டே இரண்டு என்று 2018இல் எழுதினார்கள். நம் சாக்கடைப் பெருச்சாளி மட்டும் என்ன, இளைத்தவனா? சென்ற முறை நான் சொன்ன அரிசிப் பீப்பாய்க்கு இறுக்கமான மூடி என்பதை மறுபடி சொல்கிறேன், மூடியில்லாத பீப்பாய்க்குப் பத்துப் பூனை இருந்தாலும் காவல் போதாது.

நாயோ பூனையோ, வெறிநோய்த் தடுப்பூசி போடாமல் வீட்டுக்குள் சேர்க்காதீர்கள். மனிதருக்கு இந்த நோய் வருவது நூற்றில் தொண்ணூற்றொன்பது நாய்க்கடியால்தான் என்றாலும், பூனைக் கடியாலும் வரும். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை நம் ஊர்த் தெருக்களில் யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம். எனக்குப் பத்து வயதில் ஒரு குட்டிநாய் கடித்தபோது பாட்டி மிளகாய்ப்பொடியை அப்பினார். நான் இன்று உட்கார்ந்து பேசுவது என் அதிர்ஷ்டம். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஊசிக்குப் போக வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகு, அந்த அம்மா கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது. நன்றாக வளர்த்தால் நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டும் பூனை பதினைந்து ஆண்டும் இருக்கும். பிள்ளைகளுக்கு இப்போது பன்னிரண்டு, பதினான்கு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பிள்ளைகள் இருபதைத் தொட்டால் மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து என்று புறப்பட்டுவிடுகிறார்கள். எங்கள் கட்டடத்தில் ஒரு பையன் ஆசையாய் வளர்த்த நாயை விட்டு மலேசியா போய்விட்டான். அது பல மாதங்கள் மாலை ஐந்து மணிக்கு, அவன் வழக்கமாய் வேலைவிட்டு வரும் நேரத்துக்கு, கடைசிப் படியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். முழங்கால் வலியோடு அவனுடைய தாயார் நான்கு மாடி இறங்கிவந்து அதைக் கூட்டிப்போவார். அதனால்தான் சொல்கிறேன், நாய் ஆளைத் தேடி வந்த பிராணி. ஆள் போய்விட்டால் அதற்கு அந்த வீடு வெறும் சுவர். பூனைக்கு வீடு இருந்தால் பாதி ஆறுதல்.

நான் நாய்ப் பக்கம் சாய்ந்தவன், அதை மறைக்கவில்லை. ஆனாலும் இந்த வீட்டுக்கு, மீன் கிண்ணத்துக்கு மனம் ஒப்பினால், பூனை என்றே சொல்வேன். முதலில் பீப்பாய்க்கு மூடி வாங்குங்கள், பிறகு வலை அடியுங்கள். பிள்ளைகள் போன பின் அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் உங்கள் மாமியார்தான். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள் அம்மா.