குளக்கட்டிலிருந்து அப்புத்தளைக்கு

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

மலையோட்டம் பற்றிப் பேச வன்னியிலிருந்து ஒருத்தி வந்திருக்கிறாள் என்று கேட்டதும் உங்களிற் சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கலாம். அது நியாயமான சிரிப்புத்தான். வயலும் காடும் குளமுமாகக் கிடக்கும் எங்கள் நிலத்தில், நான் பிறந்து வளர்ந்த இடத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்கு உயரமாகத் தெரிவது இரணைமடுக் குளக்கட்டு ஒன்றுதான். பனை உயரம்கூட வராத அந்தக் கட்டின் புல் வளர்ந்த சரிவில், விடியற்காலையில் நாற்பது முறையும் ஐம்பது முறையும் ஏறி இறங்கித்தான் நான் மலையோட்டத்துக்கு என்னைப் பழக்கிக்கொண்டேன். தொடக்க நாட்களில், மாடு சாய்த்துச் செல்பவர்கள் நின்று, "என்ன பிள்ளை, ஏன் ஓடுறாய், என்ன நடந்தது?" என்று பதற்றத்தோடு கேட்பார்கள். எங்கள் ஊரில் ஒருவர் ஓடினால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும் என்பதை 2009ஆம் ஆண்டைக் கண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இப்போது அவர்கள் கேட்பதில்லை. மாட்டை ஒதுக்கி எனக்கு வழி விடுகிறார்கள்.

மலையோட்டம் என்பதை முதலிற் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மரதன் ஓட்டத்தில் எத்தனை கிலோமீற்றர் என்று கேட்பது போல, இதில் எத்தனை மீற்றர் ஏற்றம் என்று கேட்பார்கள். சுவிற்சர்லாந்தில் 1974ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் சியர் - சினால் ஓட்டத்தின் தூரம் 31 கிலோமீற்றர்தான். ஆனால் அதற்குள் ஏறக்குறைய 2,200 மீற்றர் ஏறி, 1,100 மீற்றர் இறங்க வேண்டும். ஆசியாவிலும் இது புதிய விளையாட்டு அன்று. 4,095 மீற்றர் உயரமான கினபாலு மலையில் 1987ஆம் ஆண்டிலேயே போட்டி தொடங்கிவிட்டது. மலையோட்டத்தையும் மலைப்பாதை ஓட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்த முதலாவது உலகப் போட்டி 2022ஆம் ஆண்டு நவம்பரில் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் நடந்தது. அங்கே ஏற்றம் மட்டும் ஓடுவது ஒரு போட்டியாகவும், ஏறி இறங்குவது வேறொரு போட்டியாகவும் இருந்தன. இந்தப் பிரிப்பு மிகச் சரியானது என்பது என் எண்ணம். ஏற்றத்துக்கு நெஞ்சாங்கூடு போதும். இறக்கத்துக்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தத் தொழிலை எனக்குக் கற்றுத் தந்தவர் எந்தப் பயிற்றுநரும் அல்லர்; எங்கள் பக்கத்து வளவு ஆச்சி. அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின்னர் கைக்குழந்தையோடு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். மலையகத்திலிருந்து அவ்வாறு வந்தவர்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்பது நீங்கள் அறிந்ததே. நான் குளக்கட்டில் இறங்குவதை ஒருநாள் பார்த்துக்கொண்டு நின்ற ஆச்சி, "என்னா பாப்பா, காலை இப்புடி நீட்டி நீட்டி வைக்கிற? மொழங்கால் போயிரும். குட்டி குட்டியா வையி. மொழங்கால் கொஞ்சம் மடிஞ்சே இருக்கட்டும். கண்ணு காலைப் பார்க்கக் கூடாது, நாலடி முன்னாடி பார்க்கணும்" என்றார். தலையிற் கயிறு மாட்டி, முதுகிற் கூடை நிறையக் கொழுந்தோடு, ஈரமான சரிவில் ஒரு நாளைக்கு மூன்று தடவை மடுவத்துக்கு இறங்கியவரின் சொல் அது. மடுவம் என்பது கொழுந்து நிறுக்கும் கொட்டகை. பின்னாளில் மலையோட்டப் பயிற்சி பற்றி நான் படித்தவை எல்லாம் இந்த நான்கு வாக்கியங்களின் விரிவுரையாகவே எனக்குப் பட்டன.

இனி அந்த வாரத்துக்கு வருகிறேன். மாசி மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, கிளிநொச்சியில் கண்டிப் பேருந்தில் ஏறினேன். எங்கள் படலைக்கு முன்னால் ஓடும் ஏ9 வீதியின் மறுமுனை கண்டி என்பதை நாங்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர் நீளமான அந்த வீதியைப் பற்றி நினைக்கும்போது எங்கள் மனம் எப்போதும் வடக்கு நோக்கியே போகிறது. என் பையில் அம்மா வைத்துத் தந்த எள்ளுருண்டையும், ஒரு பொட்டலம் ஆனையிறவு உப்பும் இருந்தன. வெளிநாட்டு ஓட்டக்காரர்கள் குழாயில் அடைத்த இனிப்புக் கூழை வாங்கி உறிஞ்சுகிறார்கள். எள்ளும் சர்க்கரையும் அதே வேலையைச் செய்கின்றன. ஒரேயொரு குறை, ஓடும்போது பல்லில் ஒட்டும்.

புதன்கிழமை காலை கண்டியிலிருந்து பதுளை செல்லும் புகையிரதத்தில் ஏறி, மாலையில் அப்புத்தளையில் இறங்கினேன். வழியில் வரும் பட்டிப்பொல நிலையம் 1,898 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதனையும் சுரங்கப்பாதையையும் கடந்து ஒகியப் பக்கம் வெளியே வந்தபோது, அதுவரை பெய்த தூறல் நின்று, கதவைத் திறந்துவிட்டாற் போல வெயில் அடித்தது. மத்திய மலைநாட்டின் வானிலை ஒரு பக்கம், ஊவாவின் வானிலை மறுபக்கம் என்று புத்தகத்திற் படித்ததை அன்று என் தோல் அறிந்துகொண்டது. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு, ஏழு பாகை வெப்பம் குறையும். கிளிநொச்சி வெயிலிற் காய்ந்த எனக்கு அன்றிரவு இரண்டு கம்பளி போதவில்லை.

வியாழக்கிழமை பாதையின் ஒரு பகுதியை மெதுவாக ஓடிப் பார்த்தேன். இரண்டாயிரம் மீற்றர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். கடல்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் ஊரிலிருந்து வந்தவளுக்கு அந்த ஒரு பங்கின் குறை உடனே தெரிந்தது: ஏற்றத்தில் வாய் திறந்தபடியே இருந்தது, வாயிற் சொல் வரவில்லை. காட்டுப் பகுதியில் ஈரமான ஓரிடத்தில் அட்டை கடித்தது. இரத்தம் உறையாமற் செய்யும் பொருளை அட்டை உள்ளே செலுத்திவிடுவதால், அது விழுந்த பிறகும் காலுறை நனைந்துகொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை நான் ஒன்றும் செய்யவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன்.

சனிக்கிழமை போட்டி. தூரம் 21 கிலோமீற்றர். ஏற்றம் ஏறக்குறைய 1,100 மீற்றர், இறக்கமும் அவ்வளவே. தொடங்குவதற்கு முன் நான் செய்யும் ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். சப்பாத்தின் கடைசித் துளைகளில் கயிற்றை ஒரு சிறு வளையமாக விட்டு, எதிர்ப்பக்கக் கயிற்றை அந்த வளையத்துக்குள்ளாக எடுத்துக் கணுக்காலில் இறுக்கிக் கட்டுவேன். விரல்பக்கத்தைத் தளர்வாக விடுவேன். இப்படிக் கட்டினால் குதிகால் சப்பாத்தின் பின்பக்கத்தோடு ஒட்டி நிற்கும், இறக்கத்தில் விரல்கள் முன்னே போய் இடிபடா. இதனை அறியாமல் ஓடிய முதல் வருடத்தில் இரண்டு பெருவிரல் நகங்களும் நாவற்பழமாகி, ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று விழுந்தன.

ஏற்றத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் எட்டுக் கிலோமீற்றரில் என்னைப் பலர் கடந்து போனார்கள். நான் கைகளைத் தொடையில் ஊன்றி, கூச்சப்படாமல் நடந்தேன். செங்குத்தான ஏற்றத்தில் ஓடுபவருக்கும் விரைந்து நடப்பவருக்கும் வேகத்திற் பெரிய வேறுபாடு இருப்பதில்லை, களைப்பில்தான் வேறுபாடு.

உச்சியைத் தாண்டிய பிறகு ஒரு பாதைப் பிரிவில் நாங்கள் ஏழெட்டுப் பேர் பிழையாகத் திரும்பிவிட்டோம். வழிகாட்டும் நாடாவை யாரோ அவிழ்த்திருந்தார்களா, அல்லது கட்டவேயில்லையா என்பது எனக்குத் தெரியாது. அரைக் கிலோமீற்றர் போன பிறகு, மேல் மலையிற் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், "தங்கச்சி, அந்தப் பக்கம் போகாத, ஓடுறவங்க எல்லாம் கீழ போறாங்க!" என்று குரல் கொடுத்தார். உடனே மற்றவர்கள் தேயிலைச் செடிகளுக்கு இடையே குறுக்கே பாய்ந்து இறங்கினார்கள். நான் ஒரு காலை வைத்தேன். மற்றக் கால் வரவில்லை. பாதையை விட்டு வெளியே கால் வைக்காதே என்பது, மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளுக்கு நடுவே பள்ளிக்கூடம் போன எங்களுக்குப் புத்தியில் இல்லை, பாதத்தில் இருக்கிறது. அந்தத் தோட்டத்தில் மிதிவெடி இருக்க முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அரைக் கிலோமீற்றர் திரும்பி ஓடி, பிரிவுக்கு வந்து, சரியான பாதையைப் பிடித்தேன். ஏழு நிமிடம் வரை இழந்திருப்பேன். விதிமுறைப்படியும் அதுதான் சரி. ஆனால் நான் அன்று விதிமுறைக்காகத் திரும்பவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அதன் பின்னர் வந்தது ஆறு கிலோமீற்றர் இறக்கம். பாதி கல், பாதி ஈரமண், இடையிடையே தண்ணீர் ஓடும் கான்கள். தொடையின் முன்பக்கத் தசைக்கு இறக்கம் ஏன் இவ்வளவு கொடுமையாக இருக்கிறது என்றால், ஏறும்போது அந்தத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போதோ நீண்டுகொண்டே உடலைத் தாங்கிப் பிடிக்கிறது. லொறியிலிருந்து நெல்மூட்டையை மெதுவாக இறக்கி வைப்பவரின் கையை நினைத்துப் பாருங்கள். தூக்கும்போது வலிக்காத கை, இறக்கும்போது நடுங்கும். அப்படி நீளும் நிலையிற் பாரம் தாங்கும்போதுதான் தசைநார்களில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன; மறுநாளும் அதற்கு மறுநாளும் வரும் நோவுக்கு மூலம் அதுவே. ஆனால் உடலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒருமுறை அவ்வாறு நொந்து ஆறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவாகச் சேதப்படுவதில்லை. மலையே இல்லாத ஊரில் நான் குளக்கட்டைத் தேய்த்ததன் காரணம் இதுதான். சிறு சிறு அடிகளாக, முழங்காலை மடித்து, நாலடி முன்னே பார்த்து இறங்கினேன். ஏற்றத்தில் என்னைத் தாண்டிப் போனவர்கள் காலை நீட்டி நீட்டி ஊன்றித் தங்களைத் தாங்களே தடுத்துக்கொண்டு இறங்குவதைக் கண்டேன். பதினொரு பேரைக் கடந்தேன். பன்னிரண்டாவது ஆளைக் கடக்கும் ஆசையில் ஒரு கானைத் தாண்டும்போது வழுக்கி, உள்ளங்கை இரண்டும் உரஞ்சிக்கொள்ள விழுந்தேன். பெண்களில் ஆறாவதாக, மூன்று மணி நான்கு நிமிடத்தில் முடித்தேன். அந்த ஏழு நிமிடம் இருந்திருந்தால் நான்காவது. அதைப் பற்றி நான் இன்னும் கணக்குப் பார்ப்பதுண்டு.

ஞாயிற்றுக்கிழமை ஆச்சி சொல்லியனுப்பிய வேலை ஒன்று இருந்தது. அவர் பிறந்த தோட்டத்தின் பெயரையும், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து பீலிக்கு இறங்கும் கற்படிகளையும் அடையாளம் சொல்லி, போய்ப் பார்த்து வரும்படி கேட்டிருந்தார். பீலி என்றால் ஊற்றுத் தண்ணீர் விழும் குழாய். நொண்டி நொண்டி அங்கே போய்ச் சேர்ந்தேன். ஆச்சியின் குடும்பத்தை நினைவில் வைத்திருந்த எவரையும் நான் காணவில்லை. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. கற்படிகள் இருந்தன. என் தொடைகள் இருந்த நிலையில் அவற்றில் முன்னோக்கி இறங்க முடியவில்லை. திரும்பி நின்று, புல்லைப் பிடித்துக்கொண்டு, பின்புறமாக ஒவ்வொரு படியாக இறங்கினேன். குளித்துக்கொண்டிருந்த சிறுவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முந்தைய நாள் பதினொரு பேரைக் கடந்தவள் நான்தான் என்று சொல்லியிருந்தால் இன்னும் சிரித்திருப்பார்கள்.

அத்தோடு ஊர் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் யாத்திரைப் பருவகாலம், இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்ற பேராசையில், திங்கட்கிழமை ஹட்டன் வழியாக நல்லதண்ணிக்குப் போய், நள்ளிரவுக்குப் பின் சிவனொளிபாதமலை ஏறினேன். தசைநோவு இரண்டாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும் என்பது தெரிந்தே செய்த மடமை அது. 2,243 மீற்றர் உயரத்து உச்சியில் விடியலைக் கண்டேன். மலையின் நிழல் முக்கோணமாக மேற்கே மூடுபனியின் மீது விழுந்து கிடந்தது. அதன்பிறகு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை, கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்கும் வயதான அடியார்களின் வரிசையில் நானும் ஒருத்தியாக இறங்கினேன். அவர்களில் ஒருவரையும் நான் கடக்கவில்லை.

புதன்கிழமை விடியற்காலையில் வீடு வந்து சேர்ந்தேன். ஆச்சி தன் முற்றத்திற் சுளகோடு இருந்தார். நான் படலையிலிருந்து நடந்து வந்ததைப் பார்த்தே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பீலிப் படியிற் பின்புறமாக இறங்கிய கதையைச் சொன்னேன். "அந்தப் படியிலயா? நாங்க தலையில ஒண்ணு, இடுப்புல ஒண்ணுன்னு ரெண்டு கொடத்தோட ஏறுவோம்" என்றார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்து, "தண்ணி வருதா?" என்று கேட்டார்.

"வருகுது ஆச்சி."

"கை மரத்துப் போற மாதிரி?"

உரஞ்சிய உள்ளங்கைகளை அந்தத் தண்ணீரிற் பிடித்தபோது எரிவுகூடத் தெரியாமற் போனதைச் சொன்னேன். ஆச்சி என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, அரிசியைப் புடைக்கத் தொடங்கினார்.

வணக்கம்.