பழகிப்போன களைப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற பெண்களின் விரல்களைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டுப் பட்டு நகமெல்லாம் கறுத்துக் கிடக்கும். கிராம சுகாதாரச் செவிலியராக அந்த ஊர்களில் நான் சுற்றிய காலத்தில் அது எனக்குப் பெரிய இடைஞ்சல். ரத்தம் கம்மியா என்று நகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, கீழ் இமையை இழுத்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்படி ஒரு நாள் இழுத்துப் பார்த்த இமை, துவைத்த வேட்டி மாதிரி வெளுத்திருந்தது. நாற்பது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. முந்தானையில் பச்சரிசியை முடிந்து வைத்துக்கொண்டு, வாய் ஓயாமல் மென்றுகொண்டிருந்தார். ரத்தம் கம்மியானால் சிலருக்கு இப்படி ஒரு ஆசை வரும். "களைப்பா இல்லையாம்மா?" என்றேன். "அதெல்லாம் பழகிப்போச்சு நர்ஸம்மா" என்றார். பரிசோதித்தால் ஹீமோகுளோபின் 5. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. ஐந்தை வைத்துக்கொண்டு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்!

எப்படி முடிந்தது? ஐம்பது பேர் ஏறும் பஸ்ஸில் இருபது பேரைத்தான் ஏற்றலாம் என்றால், மிச்சப் பேருக்காக இன்னும் இரண்டு நடை அடிக்க வேண்டும் இல்லையா? ரத்தசோகையில் இதயம் செய்வது அதுதான். பிராணவாயுவைச் சுமக்கிற ஹீமோகுளோபின் குறையக் குறைய, இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டுகிறது. மெல்ல மெல்லக் குறைவதால் உடம்பும் பழகிக்கொள்கிறது. ஆனால் வருஷக்கணக்கில் இப்படி ஓடினால் இதயம் வீங்கித் தளர்ந்துவிடும். கால் வீங்கும், படுத்தால் மூச்சு வாங்கும். அந்த நிலைமையில் ரத்தம் ஏற்றுவதற்கே யோசிக்க வேண்டியிருக்கும். வேகமாக ஏற்றினால் தளர்ந்த இதயம் தாங்காமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றுவார்கள்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் எனக்குப் பயம் இன்னும் அதிகம். பிரசவத்தில் அரை லிட்டர் ரத்தம் போனால் நல்ல உடம்பு தாங்கிக்கொள்ளும். 7-க்குக் கீழே இருப்பவருக்கு அந்த அளவே உயிருக்கு ஆபத்தாகலாம். குழந்தை குறைமாதத்தில், எடை குறைவாகப் பிறக்கலாம். பிறந்து முதல் ஆறு மாதம் குழந்தை பெரும்பாலும் தாய் வயிற்றில் சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச்சத்தை வைத்துத்தான் வளர்கிறது. மூளை வளர்கிற வயதில் அது பற்றாமல் போனால், பிற்பாடு சத்து கொடுத்தாலும் படிப்பில், கவனத்தில் விட்டதை முழுக்கப் பிடிக்க முடியாமல் போகலாம்.

2019–21 தேசிய குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. இரண்டு பேர் உட்கார்கிற லேடீஸ் சீட்டில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இரும்புச்சத்து மாத்திரைதான் சும்மா தருகிறார்களே என்பீர்கள். தருகிறார்கள். தென்னை மரத்தடியில் பிரிக்காத அட்டைகளை நானே பொறுக்கியிருக்கிறேன். மலம் கறுப்பாகப் போகிறது, குமட்டுகிறது என்று பயந்து எறிந்துவிடுகிறார்கள். கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயமில்லை. குமட்டினால் சாப்பிட்ட பிறகு போடுங்கள். டீயோடு மட்டும் வேண்டாம், டீ சத்தைச் சேரவிடாது. ஹீமோகுளோபின் அளவு ஏறிவிட்டது என்று உடனே நிறுத்தவும் கூடாது. உடம்பில் இரும்புச்சத்தின் இருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது ஆகும். பீட்ரூட் ஜூஸை நம்பி உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒன்று: அது நிறத்தில்தான் ரத்தம்.

ஆண்களுக்கு 13-க்குக் கீழே போனால் மாத்திரையோடு விட்டுவிடாதீர்கள். மூலமோ, வயிற்றுப் புண்ணோ, சில சமயம் குடல் புற்றுநோயோ உள்ளுக்குள் ரத்தத்தைக் கசிய விட்டுக்கொண்டிருக்கலாம்.

அந்த முந்திரி அம்மாவுக்கும் காரணம் வேறு. கர்ப்பப்பையில் கட்டி. மாதா மாதம் பத்து நாள் போக்கு இருந்திருக்கிறது, அதையும் 'பழகிப்போச்சு' என்று யாரிடமும் சொல்லவில்லை. ரத்தம் ஏற்றி, கட்டிக்கும் வைத்தியம் பார்த்து, நான்கு மாதம் கழித்து வந்தார். முந்தானை முடிச்சைக் காணோம். "அரிசி எங்கம்மா?" என்றேன். "அந்த வாசனையே இப்போ பிடிக்கல நர்ஸம்மா" என்றார்.

நன்றி, வணக்கம்.