குதிருக்குள் இருந்த வெள்ளி

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நடுவர் மணியைக் கையிலேயே வைத்திருக்கிறார். அதனால் மற்ற மரியாதையெல்லாம் மனதுக்குள்.

செல்வம் ஒரே குடும்பத்தில் குவிவதை வாரிசு வரி தடுக்கும் என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? "செத்தவர் நெற்றியில் ஒட்டிய ஒரு ரூபாய்க் காசையும் சுரண்டிக்கொண்டு போகிற வரி" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். நல்ல வசனம், வீணாக்கக் கூடாது.

அண்ணே, அந்த ஒரு ரூபாயை யார் கேட்டார்கள்? நம் நாட்டில் 1953இல் வந்தது எஸ்டேட் டியூட்டி, அதாவது இறந்தவர் விட்டுப்போன சொத்துக்கு வரி. ஒரு கட்டத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட சொத்துக்கு 85 சதவீதம் வரை போனது. அந்தக் காலத்து 20 லட்சம்! நம் தெருவில் யார் வீட்டுக்கு அந்த நோட்டீஸ் வந்திருக்கும்? அவர்கள் தேடியது நெற்றியில் இருந்ததை அல்ல, குதிருக்குள் இருந்ததை.

குதிர் என்றதும் எங்கள் பக்கம் சொல்லும் கதை ஒன்று. பண்ணையார் போய்ச் சேர்ந்துவிட்டார். கருமாதி முடிந்த கையோடு கணக்கெடுக்க அதிகாரி வருகிறார். மூத்த மகன் முந்தின நாளே உஷார். வெள்ளிக் குத்துவிளக்கு நின்ற இடத்தில் பித்தளை விளக்கு. வெள்ளிச் சொம்பு இருந்த இடத்தில் எவர்சில்வர். அதிகாரி கேட்கிறார்: "ஐயா ஒரு மோதிரம் போட்டிருப்பாரே?" மகன், "அது கண்ணாடிக் கல்லுங்க" என்றான்.

அவ்வளவுதான். மூலையில் சுருண்டு படுத்திருந்த ஆச்சி எழுந்து உட்கார்ந்தாள். "யாருடா கண்ணாடின்னது? எங்கப்பா மாப்பிள்ளைக்குப் போட்ட ப்ளூ ஜாகர் வைரம்டா அது!"

மகன் கண்ணைக் காட்டுகிறான். ஆச்சிக்குக் கண் தெரியாது. அதிகாரி மெதுவாக, "விளக்கும் உங்க சீர்தானாம்மா?" என்று எடுத்துக் கொடுக்கிறார். "ஒண்ணா ரெண்டா தம்பி, ஆறு! சாக்குல சுத்தி நெல்லுக்குள்ள போட்டுட்டான் பாவி. கறுத்துப்போகும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டானா?" அதிகாரியின் பேனாவில் மை தீர்ந்துபோனது. ஆச்சி விடவில்லை. "எழுதிட்டீங்களா? எங்க, ஒருதரம் படிங்க!"

'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்று பிள்ளை உளறியது பழமொழி. இங்கே அம்மாவே குதிரைத் திறந்துவிட்டாள்.

எல்லா வீட்டிலும் ஆச்சி கிடைப்பாளா? வசூல் ஆண்டுக்குச் சுமார் 20 கோடியோடு நின்றது. நிர்வாகச் செலவுக்கே கட்டுப்படியாகவில்லை என்று 1985இல் நிதியமைச்சர் வி.பி. சிங் வரியையே எடுத்துவிட்டார். வசூலாகாதது வரியின் குற்றமா, சாக்கின் குற்றமா?

வரி போட்டால் கம்பெனி படுத்துவிடும் என்றும் அண்ணன் சொன்னார். தென்கொரியாவில் சாம்சங் தலைவர் லீ குன்-ஹீ 2020இல் இறந்தார். குடும்பம் ஒப்புக்கொண்ட வரி 12 லட்சம் கோடி வொன்னுக்கும் மேல், ஐந்தாண்டுத் தவணையில். சாம்சங் படுத்துவிட்டதா? அண்ணன் இவ்வளவு நேரம் குறிப்புப் பார்த்துப் பேசிய போனையே கேளுங்கள்.

இருங்கள் நடுவர் அவர்களே, மணி அடிக்காதீர்கள், ஒன்றே ஒன்று. "அப்பன் சம்பாத்தியம் பிள்ளைக்கு, நடுவில் அரசாங்கம் யார்?" என்று அண்ணன் குரல் தழுதழுத்தது. சரி அண்ணே. என் அம்மா அப்படி ஒரு பண்ணையில் நாற்று நட்டவள். அவளும்தான் எனக்குச் சொத்து விட்டுப்போனாள். தகரப் பெட்டியில் இரண்டு நூல் புடவை, அடியில் ஓர் அடகு ரசீது. என் காலேஜ் பீஸுக்காக வைத்த தோடு. போகும்போது காதில் வேப்பங்குச்சிதான் இருந்தது. காரியம் முடிந்து அந்த ரசீதை எடுத்துக்கொண்டு போனேன். வாரிசுதானே என்று வட்டியில் ஒரு பைசா குறைத்தார்களா?

பண்ணையார் மகனும் வாரிசு, நானும் வாரிசு. அவருக்கு வரி கிடையாது, எனக்கு மட்டும் வட்டி உண்டா? நடுவர் அவர்களே, நீங்களே சொல்லுங்கள். வணக்கம்.