மலைக்காரங்க மூச்சு வேறயா? மாமாகிட்ட நான் தோத்த கதை

வணக்கம் வணக்கம், எல்லாரும் சுகமா? சத்தம் கொஞ்சம் இரைச்சலாத்தான் கேக்கும், காலிமுகத்திடல்ல நிக்கிறேன், காத்து மைக்குக்குள்ளயே வந்து குந்திக்கிட்டு இருக்கு. வெள்ளவத்தையில ரூமுக்குள்ள இருந்து கதைக்கலாம்னுதான் பாத்தேன், மேல் வீட்டுல டைல்ஸ் வெட்டுறாங்க, அதுக்கு இந்தக் காத்து பரவால்ல.

சரி விஷயம் என்னன்னா, போன கிழமை நுவரெலியா போனேன், மாமா வீட்டுக்கு. நானுஓயாவுல ரயில் விட்டு இறங்கி, ஓட்டோ பிடிச்சு தோட்டத்துக்குப் போய், அங்கருந்து லயத்துக்கு, அதான் தோட்டத்து வரிசை வீடுங்களுக்கு, ஏறணும், படிக்கட்டுன்னு சொல்லேலாது, மண்ணுல வெட்டி வச்ச மாதிரி ஒரு ஏத்தம். மாமாவுக்கு 61 வயசு. தலையில விறகுக்கட்டு. அவர் பாட்டுக்கு ஏறிப் போய்ட்டாரு, நான் ஒரு பேக்கை மட்டும் மாட்டிக்கிட்டு மூணு இடத்துல நின்னு, நடுவுல போட்டோ எடுக்குற மாதிரி நடிச்சு, ஒரு மாதிரியா மேல போய்ச் சேந்தேன். மாமா சாயத்தண்ணிய கையில வச்சுக்கிட்டு சிரிக்கிறாரு. "மலைக்காரன் மூச்சு வேறடா, உங்க கொழும்புக் காத்துல அதெல்லாம் வளராது"ன்னாரு.

எனக்கு அது மண்டைக்குள்ள நின்டுருச்சு. கொரோனா டைம்ல வாங்கின, விரல்ல மாட்டுற ஆக்சிஜன் மெஷின் பேக்லயே கிடந்துச்சு, எடுத்து மாமா விரல்ல மாட்டினேன், 96. எனக்கு மாட்டினேன், 95. அவ்வளவுதான் வித்தியாசம்! மாமா நம்பல, மெஷின் கொழும்புல வாங்கினதுன்னுட்டாரு.

இங்க வந்து உக்காந்து தேடித்தேடிப் படிச்சேன். மாமா சொன்னது பொய்னும் சொல்லேலாது, ஆனா நுவரெலியாவுக்கு அது பொருந்தாது. நுவரெலியா டவுன் 1,868 மீட்டர். கடல் மட்டத்துல இருக்குற காத்தழுத்தத்துல ஐஞ்சுல ஒரு பங்குதான் அங்க குறையும், அதை உடம்பு லேசா சமாளிச்சிரும். மாமா அப்படி ஏறினது நாப்பது வருஷமா அந்த ஏத்தத்துல சுமை தூக்கின காலாலயும் இதயத்தாலயும், நான் நின்னது மூணு வருஷமா ஒரே கதிரையில குந்தியிருந்த காலால. அது வேற கதை, அதை விடுவோம்.

மூச்சே மாறுற மலைன்னா அது இன்னும் ரொம்ப மேல. பெரு நாட்டுல செர்ரோ டி பாஸ்கோன்னு ஒரு சுரங்க டவுன், 4,330 மீட்டர். அதே நாட்டுல லா ரின்கொனாடா, அது தங்கச் சுரங்கம், 5,100 மீட்டர் கிட்ட, உலகத்துலயே மனுஷங்க நிரந்தரமா குடியிருக்குற ஆக உயரமான இடம்னு சொல்லுவாங்க. எங்க நாட்டுலயே ஆக உயரமான மலை பிதுருதலாகல 2,524, அதை ரெண்டு மடங்காக்கினா அங்க வந்து நிக்கும். நாம இங்க உள்ள இழுக்குற ஆக்சிஜன்ல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் அங்க ஒரு மூச்சுல கிடைக்கும். அங்கயும் புள்ளைங்க பிறக்குது, பள்ளிக்கூடம் போகுது, பந்தடிக்குது.

இப்ப நல்லாக் கேளுங்க. நம்ம கழுத்துல ரெண்டு பக்கமும், மூளைக்குப் போற பெரிய ரத்தக் குழாய் ரெண்டாப் பிரியிற இடத்துல, அரிசி மணி அளவுல ஒரு சாமான் இருக்கு, கரோட்டிட் பொடின்னு பேர். பொடின்னதும் மூக்குப்பொடின்னு நினைக்காதீங்க, நானும் முதல்ல அப்படித்தான் வாசிச்சேன். ரத்தத்துல ஆக்சிஜன் குறைஞ்சா முதல்ல மணியடிக்கிறது அதுதான், உடனே மூளை இன்னும் வேகமா இழு, ஆழமா இழுன்னு சொல்லும். கழுத்துல இப்படி ஒரு வேலை நடக்குதுன்னு கண்டுபிடிச்சதுக்கு பெல்ஜியத்துல ஹெய்மன்ஸ்னு ஒருத்தருக்கு 1938ஆம் வருஷத்து நோபல் பரிசே கிடைச்சுச்சு. நீங்களோ நானோ இன்னைக்கு பெருவுக்குப் போய் இறங்கினா இந்த மணி விடாம அடிக்கும், அதனால ராத்திரியில கூட மூச்சு படபடன்னு ஓடும், அப்புறம் கொஞ்ச நேரம் நின்னே போகும், திரும்ப ஓடும், பக்கத்துல படுத்திருக்குறவன் பயந்து எழும்பி உக்காந்துருவான்.

அங்கயே பிறந்து வளர்ற புள்ளைங்களுக்கு? சின்ன வயசுல அதுங்களுக்கும் மணி நம்மள மாதிரியே நல்லாத்தான் அடிக்குது. வயசு ஏற ஏறத்தான் சத்தம் குறையுது. 1976ல சுகமய் லாஹிரியும் அவரோட சேந்தவங்களும் எழுதின ஆராய்ச்சியில இது வருது, மலைப் புள்ளைங்க ஆக்சிஜன் குறைஞ்சா வேகமா மூச்சு விடுறாங்க, பெரியவங்களானதும் அவ்வளவா விடுறதில்ல. அதாவது பிறவியிலயே மலைக்காரனா முழுசா வர்றதில்ல, வருஷக்கணக்கா இருந்து ஆகிறான். பரம்பரைக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு, ஆனா வயசோட பங்கு பெருசு. அமெரிக்காவுல லெட்வில்னு 3,100 மீட்டர்ல ஒரு டவுன் இருக்கு, அங்க வந்து குடியேறினவங்களுக்கும் இருந்த வருஷம் கூடக் கூட இந்த மணி மந்தமாகிட்டே போச்சுன்னு 1971லயே பாத்திருக்காங்க. இதுல வேடிக்கை என்னன்னா அந்த அரிசி மணி, மலைக்காரங்களுக்கு நம்மளவிடப் பெருசாத்தான் இருக்கு! மணி பெருசு, சத்தம் சின்னது. நம்ம ஏரியா கோயில் ஸ்பீக்கர் அப்படியே எதிர்மாதிரி.

நெஞ்சு விஷயத்துலதான் மாமா பேச்சு ஜெயிக்குது, ஆனா அதுவும் அந்த மாதிரி உயர மலைக்குத்தான். பெரு மலையில ஃப்ரிசாஞ்சோன்னு ஒருத்தர் பாத்தது, கீழ் ஊர்ல பிறந்து சின்ன வயசுலயே மலைக்கு வந்து வளர்ந்தவங்களுக்கு நுரையீரல் கொள்ளளவு அந்த மலைக்காரங்களுக்கு இருக்குற மாதிரியே பெருசா வந்துருக்கு, பெரியவங்களான பிறகு வந்தவங்களுக்கு அப்படி வரல. நுரையீரலுக்குள்ள இருக்குற காத்துப்பைங்க பிறந்த பிறகும் நிறையக் கூடிக்கிட்டே வளரும், அந்த வளர்ற நேரத்துல மலையில இருந்தாத்தான் அந்தப் பலன். அதனால யாராவது "கொஞ்ச நாள் இருந்தாப் பழகிரும்"னா, எந்த வயசுல இருக்கணும்னு திருப்பிக் கேளுங்க.

மணி அடங்கிட்டா நல்லதுதானே, நிம்மதியாத் தூங்கலாமேன்னு தோணும். எனக்கும் தோணிச்சு. ஆனா மூச்சு குறைஞ்சா ஆக்சிஜனும் குறையும், அதை ஈடுகட்ட உடம்பு சிவப்பணுவைச் செஞ்சு செஞ்சு குவிக்கும், ரத்தம் கஞ்சி மாதிரி தடிச்சிரும், தலைவலி, நித்திரையின்மை, உதடு நீலம், கடைசியா இதயத்துக்குப் பாரம். 1925ல கார்லோஸ் மொஞ்ஜேன்னு பெரு டாக்டர் இதை எழுதி வச்சார், அவர் பேரையே நோய்க்கும் வச்சுட்டாங்க. சிவப்பணுவுக்குள்ள ஆக்சிஜனைத் தூக்குற ஹீமோகுளோபின் ஆம்பளைக்கு ஒரு டெசிலீட்டர் ரத்தத்துல 21 கிராம், பொம்பளைக்கு 19, அதுக்கு மேல போனா இந்த நோய்க் கணக்குல வரும். வயசு போகப் போக ஆபத்து கூடும். பொம்பளைங்களுக்கு மாதவிடாய் நிக்கிற வரைக்கும் குறைவுதான், புரொஜெஸ்டிரோன் மூச்சைத் தூண்டி விடுற ஹோர்மோன், அதுவும் ஒரு காரணம்.

திபெத்காரங்க கதை வேற. அதே மாதிரி உயரம், லாசா 3,650 மீட்டர், ஆனா அவங்களுக்குப் பெரியவங்களான பிறகும் மணி நல்லாத்தான் அடிக்குது, மூச்சு கூட விடுறாங்க, ரத்தம் அவ்வளவு தடிக்கிறதில்ல. ஈபிஏஎஸ் 1னு ஒரு மரபணு அவங்ககிட்ட வேற மாதிரி இருக்குன்னு 2010ல கண்டுபிடிச்சாங்க, சிவப்பணு அளவோட இருக்க அது உதவுது. ஒரே வெயில் பட்டும் ரெண்டு வீட்டுப் புள்ளைங்க வேற வேற நிறத்துல நிக்கிற மாதிரின்னு வச்சுக்கோங்களேன்.

நேத்து மாமாவுக்கு கால் எடுத்து இவ்வளவும் சொன்னேன். கரோட்டிட், பெரு, திபெத் எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்ப என் நெஞ்சு பெருசு, அதை ஒத்துக்கிறியா"ன்னாரு. நுவரெலியாவுக்கு அது பொருந்தாதுன்னு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சேன், அதுக்குள்ள அவர் போனை அம்மாயிகிட்ட குடுத்துட்டாரு.

டிசம்பர்ல சிவனொளிபாதமலை சீசன் தொடங்குது, 2,243 மீட்டர், மாமாவும் வர்றாரு, மெஷினும் வருது, இந்தத் தடவை கண்டியில வாங்கின மெஷின். அங்க எடுக்குறதைப் போடுறேன். இப்ப தூறல் விழுது, கேமரா நனையுது, அங்கால இறால் வடை வேற வாசமடிக்குது, நான் வச்சிடுறேன்.