மூன்றாம் படியில் நின்ற செய்தி

நண்பர்களே, 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73-ஆவது வினாடியில் சிதறி, உள்ளே இருந்த 7 பேரும் இறந்தது உங்களுக்குத் தெரியும். நான் பேச வந்தது அதற்கு முந்தைய ராத்திரியைப் பற்றி.

மறுநாள் கடுங்குளிர் என்று வானிலை அறிக்கை சொன்னது. விண்கலத்தை மேலே தள்ளும் பூஸ்டர் ராக்கெட்டைச் செய்த மார்ட்டன் தியோகால் கம்பெனி யூட்டாவில், அதை மேற்பார்வையிட்ட நாசாவின் மார்ஷல் மையம் அலபாமாவில், ஏவுதளம் ஃபுளோரிடாவில். மூன்று ஊர்க்காரர்களும் தொலைபேசியில் கூடினார்கள். பூஸ்டரின் மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையம் குளிரில் விறைத்துவிடும், 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றது தியோகால். மார்ஷலின் லாரி முல்லாய் கொதித்துப்போய், "அப்புறம் எப்போதுதான் ஏவச் சொல்கிறீர்கள், அடுத்த ஏப்ரலிலா?" என்றார்.

உடனே தியோகால்காரர்கள், ஐந்து நிமிடம் தாருங்கள் என்று மைக்கை அணைத்தார்கள். ஐந்து நிமிடம் அரை மணி நேரமானது. ஆபீஸ் மீட்டிங்குகளில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த அரை மணி நேரம் எப்படிப் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பொறியாளர்கள் ரோஜர் பாய்ஜாலியும் ஆர்னி தாம்ஸனும் மன்றாடிப் பார்த்தார்கள். மூத்த அதிகாரி ஜெரால்ட் மேசனோ, பொறியியல் பிரிவின் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகித் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். 4 நிர்வாகிகள் கூடி, ஏவலாம் என்று முடிவெடுத்தார்கள். மைக் திரும்ப வந்தது. யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா என்று மறுமுனையில் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. நடந்த சண்டை நாசாவின் காதில் விழவே இல்லை.

சரி, பொறியாளர்கள் ஏன் தோற்றார்கள்? வளையம் சேதமான முந்தைய பயணங்களை மட்டும் வைத்துக்கொண்டு அன்று எல்லோரும் வாதாடினார்கள். 24 டிகிரி வெப்பத்திலும் ஒருமுறை சேதமாகியிருந்ததால், குளிருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுவிடலாம். சேதமே இல்லாத பயணங்களையும் சேர்த்துப் பார்த்திருந்தால்? சுமார் 18 டிகிரிக்கு மேல் நடந்த 20 பயணங்களில் 3-இல் மட்டும் சேதம். அதற்குக் கீழே நடந்த 4-இலும் சேதம். கணக்கு கையில்தான் இருந்தது. அதை ஒரே தாளில் யாரும் எழுதவில்லை.

ஏவுவதற்கான ஒப்புதல் நான்கு படிகளில் ஏற வேண்டும். மேலிருந்து எண்ணினால், கம்பெனி அடியில் நான்காம் படி, மார்ஷல் மூன்றாம் படி, ஹூஸ்டனில் உள்ள நாசா மையம் இரண்டாவது, உச்சியில் நாசாவின் வாஷிங்டன் தலைமையகம். எங்கள் படியிலேயே தீர்ந்துபோன விஷயம் என்பது முல்லாயின் நியாயம். விடிகாலையில் தன் மையத்தின் இயக்குநரிடம் மட்டும் அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். அந்த இயக்குநர் ஒப்புதல் வரிசையிலேயே இல்லை. உச்சிப் படியில் கடைசிச் சம்மதம் கொடுத்த தலைமையக அதிகாரி ஜெஸ்ஸி மூருக்கு, முந்தைய இரவு அப்படி ஒரு தொலைபேசிக் கூட்டம் நடந்ததே தெரியாது.